நாலு விரல் மடிப்பு

பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே, நோட்டுப் புத்தகம் விற்கிற கடைக்கும் சைக்கிள் பழுது பார்க்கிற கடைக்கும் நடுவில், ஓர் ஆள் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவுக்கு ஓர் இடம். அதில் ஒரு தையல் மெஷின், ஒரு வெட்டு மேசை, இவற்றுக்கு நடுவே எப்படியோ நுழைந்து உட்கார்ந்திருக்கும் நாற்பத்தாறு வயதுத் தையல்காரி. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று உண்டு. அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கு அவள் 'நாலு விரல்'.

என்ன தைத்தாலும் அடியில் நாலு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்து விடுவாள். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். வளர்கிற பிள்ளைக்குச் சரி. வங்கியில் வேலை பார்க்கும் ஐம்பத்திரண்டு வயதுக்காரரின் பேன்ட்டுக்கும் அதே மடிப்புதான். "இனிமே எனக்கு வளர்ச்சி பக்கவாட்டுலதாம்மா" என்று அவர் சொல்லிப் பார்த்தார். "அப்ப இடுப்புலயும் ரெண்டு விரல் விடறேன்" என்றாள். விடவும் செய்தாள்.

மடிப்பு பிரித்த இடத்தில் ஒரு கோடு தெரியும். மேலே வெளுத்த துணி, கீழே புதுநிறத் துணி. கோட்டை எண்ணியே ஒரு பாவாடை எத்தனை வருஷத்துப் பழசு என்று பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் சொல்லிவிடும். பிள்ளைகளின் வாய்க்குப் பூட்டு ஏது? அதனால் கோட்டின் மேலே ஒரு மெல்லிய நாடா வைத்துத் தைப்பாள். அதுவும் எல்லாப் பிள்ளைகளுக்கும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் நாடா உண்டு, இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் உண்டு. யாருக்குத் தேவை, யாருக்கு அலங்காரம் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நாடா எதற்கு என்று கேட்ட பெரிய டீச்சரிடம், "ஃபேஷன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

அளவெடுக்க வருகிற பிள்ளை கையை விரித்துக்கொண்டு நிற்கும். ஓட முடியாது. அந்த நேரம் பார்த்துத் தன் கதையை ஆரம்பிப்பாள். அவளுக்குப் பத்து வயதாகும்போது அப்பா வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். அப்பா வேலை தேடிப் போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். அம்மா வீடு வீடாகத் துணி துவைத்தாள். இவளோ காற்றைக் குடித்தே வளர்ந்தாளோ என்னவோ, கிடுகிடுவென்று உயர்ந்தாள். ஒரு வருஷம் முட்டி தெரியத்தான் பள்ளிக்கூடம் போய்வந்தாள். ஒருநாள் அம்மா சொன்னாள்: "பாவாடை குட்டையாப் போச்சு. புதுசு வாங்க வழியில்ல. இனிமே போக வேண்டாம்."

அவள் பாவாடையைத் திருப்பி ஓரத்தைப் பார்த்தாள். உள்ளே அரை விரல் துணிகூட இல்லை.

"நாலு விரல் விட்டுத் தச்சிருந்தா, நான் இன்னைக்கு டீச்சர்" என்று கதை முடியும். அந்தப் பாவாடையைத் தைத்த ஆள் செத்துப் பல வருஷம் ஆகிறது. அதற்காக அவரை விட்டுவிடவில்லை. மாதத்துக்கு நாலு தடவையாவது திட்டு வாங்குகிறார்.

பசித்து வளர்ந்தவர்களுக்கு உள்ள பழக்கமெல்லாம் அவளுக்கும் உண்டு. நின்றபடியே, யாரோ தட்டைப் பிடுங்க வருகிற மாதிரி அவசரமாகச் சாப்பிடுவாள். தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவிடுவாள். வெட்டின துண்டுத் துணியைத் தூக்கி எறிய மாட்டாள். மேசைக்கு அடியில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. கல்யாணம் ஒன்று நடந்தது, நிலைக்கவில்லை. அதை அவளும் பேச மாட்டாள், நாமும் கேட்க வேண்டாம். மிச்சம் உள்ள உறவு ஒரே தம்பி. அவளைவிடப் பதினோரு வயது சின்னவன். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. சட்டைப் பித்தான் தைத்துத் தைத்து இவள்தான் அவனைப் படிக்க வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அக்காவைக் கிண்டல் செய்துவிட்டுப் போவான். "முப்பத்தஞ்சு வயசாகுது. இன்னமும் என் பேன்ட்டை மடிச்சுத்தான் தைக்கற. நான் எப்பக்கா வளர்ந்து முடிப்பேன்?"

அப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பள்ளிக்கூட வாசல் பக்கம் வராமல் போனாள். ஒல்லிப்பிச்சான், நீளக் கால். தையல்காரி இரண்டு தடவை அவளுக்கு மடிப்பு இறக்கிக் கொடுத்திருக்கிறாள்; இனி இறக்க ஒன்றும் இல்லை என்பதும் தெரியும். ஒரு வாரம் ஆயிற்று. பள்ளிக்கூடத்துக் காவலாளி சொன்னார்: "இன்னும் எட்டு நாள்ல வரலைன்னா பேரை அடிச்சிடுவாங்க."

தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவாடைதான், வேறென்ன? கையில் இருந்த வேலையெல்லாம் அப்படியே கிடக்க, நினைவிலிருந்த அளவிலேயே இரண்டு பாவாடை வெட்டினாள். நாலு விரல் போதாது என்று எட்டு விரல் மடிப்பு. கட்டினால் அடியில் மணல் மூட்டை தொங்குவது போலக் கனக்கும். ஆனால் காலேஜ் வரைக்கும் தாங்கும்.

வீட்டைத் தேடிப் போனாள். ஒற்றை அறை. ஒரு மூலையில் பெண்ணின் அப்பா காலில் கட்டோடு படுத்திருந்தார். கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்தவர். அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கப் போயிருந்தாள். பெண் கதவைத் திறந்தாள். இடுப்பில் ஒன்றரை வயதுத் தங்கை, கையில் கரண்டி.

"பாவாடை தச்சுக் கொண்டாந்திருக்கேன். காசெல்லாம் வேண்டாம். நாளைக்கு வந்துடு."

"நல்லா இருக்கு அத்தை" என்று வாங்கிக்கொண்டாள். அந்தக் குட்டி அதற்குள் நாடாவைப் பிடித்துச் சப்ப ஆரம்பித்துவிட்டது.

பெரிய காரியம் செய்த நிறைவோடு தையல்காரி திரும்பினாள். மறுநாள் பெண் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் கோபம் வந்தது. "பாவாடையைக் கையில கொடுத்தாச்சு. இன்னும் என்ன கேடு?" என்று மெஷினிடம் கேட்டாள். ஒருவேளை பாவாடை இடுப்பில் தளர்வாக இருக்கிறதோ? போய்ப் பிடித்துக் கொடுக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை வந்த தம்பியிடமும் இதையே புலம்பினாள்.

தம்பி வழக்கம் போலச் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"வீட்டுல கைக்குழந்தை இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. இடுப்பை விட்டு எறங்க மாட்டேங்குது."

"அப்புறம் பாவாடை என்னக்கா பண்ணும்?"

"என்னை நிறுத்தினது பாவாடைதானே?"

"ஒரு வருஷம் முட்டி தெரியத்தான் போனேன்னு நீயே ஆயிரம் தடவை சொல்லியிருக்க. அப்பல்லாம் நிறுத்தாத அம்மா, நான் பொறந்து அஞ்சாவது மாசம் ஏன் நிறுத்தினாங்க?" அவன் கீழே கிடந்த நூல் உருண்டையைப் பார்த்தபடி பேசினான். "உன்னை நிறுத்தினது நான்தான். அம்மா வேலைக்குப் போகணும், என்னைப் பாத்துக்க ஆள் இல்ல. அம்மா சாகறதுக்கு முன்னாடி ஒரு தடவை அவங்ககிட்ட கேட்டேன். அழுதுட்டாங்க. உண்மையைச் சொன்னா நீ என்னை வெறுத்துடுவன்னு பயந்திருப்பாங்க. அதான் பாவாடை மேல பழியைப் போட்டுட்டாங்க."

முப்பத்தைந்து வருஷமாக அவள் ஒரு செத்துப்போன மனுஷனைத் திட்டியிருக்கிறாள். அது போகட்டும், அவர் தாங்குவார். இவன் இத்தனை நாளும் இதை வைத்துக்கொண்டா ஒவ்வொரு ஞாயிறும் சிரிக்க வைத்தான் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மெஷின் மேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். தம்பி தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

குடித்துவிட்டு எழுந்து நேரே அந்த ஒற்றை அறைக்குப் போனாள். அம்மாக்காரி வீட்டில் இருந்தாள்.

"காலைல உன் சின்னதைக் கடையில விட்டுட்டுப் போ. பெரியது பள்ளிக்கூடம் போகட்டும். சாயங்காலம் அதுவே கூட்டிட்டு வரட்டும்."

"அக்கா, அது ஒரு இடத்துல நிக்காது. உங்க கடையில ஊசி, கத்தரின்னு..."

"இதே மாதிரி ஒண்ணைப் பதினோரு வயசுலயே வளர்த்தவ நான். உசிரோடதான் இருக்கான்."

அம்மாக்காரி படுத்திருந்த கணவரைப் பார்த்தாள். அவர் சரியென்று தலையை ஆட்டினார்.

சொல்வது சுலபம். துண்டுத் துணி மூட்டைகளை அடுக்கி ஒரு தொட்டி மாதிரி கட்டினாள். குட்டி முதல் நாளே ஏறிக் குதித்தது. நூல் உருண்டைகளை ஒன்றோடு ஒன்று சிக்கலாக்கியது. வங்கிக்காரரின் புதுச் சட்டைக் காலரைக் கடித்தது. தையல்காரியின் வேலை பாதியாகக் குறைந்தது, கத்தல் இரண்டு மடங்கானது. ஆனால் பெயர் அடிக்க இரண்டு நாள் பாக்கி இருக்கும்போது, ஏழாம் வகுப்புப் பெண் மணல் மூட்டைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, நடக்கவும் முடியாமல் வாசலுக்குள் போனாள். நாலு விரல் பாக்கி வைத்து மீதியை வெட்டிவிடச் சொல்லி அன்று மாலையே வந்து நின்றாள்.

அவள் தங்கையைத் தூக்கப் போகும்போது தையல்காரி கேட்டாள்: "ஏழாவதுல என்னதான் இருக்கு? புத்தகத்தைக் காட்டு." வாங்கி, நின்றபடியே பத்துப் பக்கம் புரட்டினாள். "இவ்வளவுதானா?" என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "நாளைக்கும் கொண்டா" என்றாள்.

அடுத்த மாதம் தம்பிக்கு ஒரு பேன்ட் தைத்தாள். அவன் மேசைக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்தான். சரியாகக் கணுக்காலில் நின்றது. குனிந்து ஓரத்தைத் திருப்பினான். தையலுக்கு வேண்டிய துணி மட்டும்தான் இருந்தது.

"மடிப்பு எங்கக்கா?"

குட்டியின் வாயிலிருந்து நாடாவைப் பிடுங்கியபடி அவள் சொன்னாள்: "நீ வளர்ந்து முடிச்சாச்சுடா. இனிமே எனக்கு நீ எதுவும் பாக்கி இல்ல."

அவன் கழற்ற மனமில்லாமல், அந்தப் பேன்ட்டோடேயே வீட்டுக்குப் போனான்.