காகிதத்துக்கு மட்டும் ஒரு விவாகரத்து

ரௌஷன் அன்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அவள் என் பக்கத்து வீட்டுக்காரி. நடுவில் ஒரு மரவேலிதான். கஜகஸ்தானின் தராஸ் நகரில் ரயில் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் தெரு எங்களுடையது. மழலையர் பள்ளியில் சமையல் வேலை அவளுக்கு. ஒரு மகள். சம்பளம் வந்ததும் ஒரு மாதம் கூரைத்தகடு வரும், இன்னொரு மாதம் ஜன்னல் வரும். சுவரைத் தன் கையாலேயே பூசினாள். புருஷன் கென்ஜெபெக் பட்டறையில் ரயில் பெட்டி பழுதுபார்ப்பவன். ஆள் வாட்டசாட்டம், வாயைத் திறந்தால் சர்க்கரை. அவனை எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் தெருவுக்கே அவனைப் பிடித்திருந்தது, எனக்கும்தான்.

யோசனை அவனுடையது. தனியாகப் பிள்ளை வளர்க்கும், சொந்த வீடில்லாத பெண்களுக்கு அரசாங்கம் அடுக்குமாடியில் வீடு ஒதுக்கும். அந்த வரிசையில் பெயர் ஏற வேண்டுமானால் விவாகரத்து வேண்டும். இருக்கிற வீட்டில் அவளுக்குப் பங்கில்லை என்று ஒப்பந்தமும் வேண்டும். எங்கள் பக்கம் இதெல்லாம் புதிதல்ல. கல்யாணம் என்றால் எங்களுக்கு முல்லா ஓதிய நிக்காஹ்தான். அரசாங்கம் எழுதுவதை எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவோம்.

பத்திரம் எழுதும் அலுவலகத்துக்கு நானும் துணைக்குப் போயிருந்தேன். அங்கிருந்த அம்மாள் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"வீடும் மனையும் முழுசா கணவருக்கு. இனிமே நீங்க எந்தப் பங்கும் கேக்க முடியாது. புரியுதா? யாரும் மிரட்டி வாங்கலையே?"

"மிரட்டறதுக்கு இவரா?" என்று புருஷனைப் பார்த்துச் சிரித்தாள் ரௌஷன். "சீக்கிரம் முத்திரை குத்துங்கம்மா. வீட்டுல கறி அடுப்புல இருக்கு."

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில்தான் எங்களுக்கெல்லாம் சாப்பாடு. பெரிய தட்டில் குதிரைக்கறியும் மாவுத் துண்டுகளும். "இப்ப நீ கல்யாணமாகாத பொண்ணாச்சே, மாப்பிள்ளை பாக்கட்டுமாடி?" என்று நான் சீண்டினேன். மாமியார் குல்யாஷ் கிழவி என்னை முறைத்தாள். "காகிதம் என்ன காகிதம். இவ என் மருமக. சாகற வரைக்கும் இவதான்" என்றாள்.

அப்படித்தான் சில வருடம் ஓடியது. ஒரே அடுப்பு, ஒரே படுக்கை. இடையில் கிழவி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அவளைக் குளிப்பாட்டுவதிலிருந்து தொழுகைக்கு உட்கார வைப்பது வரை எல்லாம் ரௌஷன்தான் செய்தாள்.

பிறகு ஒருநாள் கென்ஜெபெக் ஷிம்கெண்டிலிருந்து ஒருத்தியை அழைத்து வந்தான். அரசாங்க அலுவலகத்தில் முறைப்படி பதிவு செய்த மனைவி. சட்டப்படி அவன் தனி ஆள்தானே, யார் தடுப்பது? முற்றத்தில் அவன் பேசியது வேலி தாண்டி எனக்குக் கேட்டது.

"எதுக்கு அழற? தலாக் சொன்னேனா? சொல்லலையே. நீயும் பொண்ணும் வெளிச் சமையலறையில இருந்துக்குங்க. சும்மாத்தானே கிடக்கு."

"என் வீட்டுல என்னையே வெளிய படுக்கச் சொல்றியா?"

"யாரு வீடு? நீ போட்ட கையெழுத்தை நீயே போய்ப் பாரு."

ரௌஷன் போய்ப் பார்த்த வழக்கறிஞர் உள்ளதைச் சொன்னார். அந்த ஒப்பந்தம் வெறும் நடிப்பு என்று நிரூபித்தால் பாதி வீடு கிடைக்கலாம். ஆனால் அதை வாய்விட்டுச் சொன்ன நிமிஷமே ஒதுக்கீட்டு வரிசையிலிருந்து அவள் பெயர் போய்விடும். அவள் வாயைத் திறக்கமாட்டாள் என்றுதான் கென்ஜெபெக் தைரியமாக இருந்தான்.

"பேரு போனாப் போகட்டும் அக்கா," என்றாள் என்னிடம். "கிடைக்குமோ கிடைக்காதோன்னு இருக்கற வீட்டுக்காக, நான் பூசின சுவரை விட முடியுமா? அதோட அத்தை இருக்காங்க. அஞ்சு வேளை தொழறவங்க, பொய் சொல்லமாட்டாங்க."

நீதிமன்றத்தில் அவள் ஒன்றையும் மறைக்கவில்லை.

"அப்படின்னா அரசாங்கத்தை ஏமாத்தியிருக்கீங்க," என்றார் நீதிபதி.

"ஆமாங்கய்யா. அரசாங்கத்தை ரெண்டு பேரும் சேர்ந்து ஏமாத்தினோம். என்னை ஏமாத்தினது அவர் மட்டும்தான்."

அவர்கள் ஒரே குடும்பமாக வாழ்ந்ததற்கு நானும் சாட்சி சொன்னேன். அடுத்து குல்யாஷைக் கூப்பிட்டார்கள். கிழவி எழுந்திருக்கத் தடுமாற, ரௌஷன் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தாள். அந்தப் பிடியில் நின்றுகொண்டே கிழவி சொன்னாள்:

"விவாகரத்துக்கு அப்புறம் இவ தனியாத்தான் இருந்தா. புள்ளையை வச்சுக்கிட்டு எங்க போவான்னு பாவம் பாத்து இடம் குடுத்தோம்."

ரௌஷன் கையை எடுக்கவில்லை. எடுத்தால் கிழவி விழுந்துவிடுவாள். நானாக இருந்தால் விழட்டும் என்று விட்டிருப்பேன்.

கஜகஸ்தான் குடியரசின் பெயரால் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. ஒப்பந்தம் செல்லும். வரிசையிலிருந்து பெயரை நீக்கச் சொல்லி நகராட்சிக்கும் தகவல் போனது. ஒரே நாளில் இரண்டு வீடும் போயின.

வெளியே படிக்கட்டில் கிழவி ரௌஷனின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவிச்சுக்காதே மகளே. அவன் நான் பெத்த புள்ள, வேற என்ன சொல்லுவேன்? வா, வீட்டுக்குப் போகலாம். ஷிம்கெண்ட் சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. அந்தப் பொண்ணுக்கு மாவு தேய்க்கவே தெரியலை."

நான் அங்கே பேசியதை எழுத முடியாது. ரௌஷன் கிழவியின் விரல்களை மெல்லப் பிரித்து, ஊன்றுகோலில் வைத்து அழுத்திவிட்டு, என்னோடு நடந்தாள்.

மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தோம். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். இருட்டும் நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ரௌஷன், என்னை எழுப்பி உக்கார வை. தொழுகைக்கு நேரமாச்சு."

அவள் சட்டென்று எழுந்துவிட்டாள். வாசலுக்குப் போய் ஒரு காலைச் செருப்பில் நுழைத்தும் விட்டாள். குரல் இன்னொரு முறை வந்தது.

"முதுகுக்குப் பின்னால கை குடுத்துத் தூக்கணும் அக்கா," என்றாள் என்னைப் பார்க்காமல். "அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. தோளைப் பிடிச்சு இழுத்துடுவா."

வழக்கு நடந்த அத்தனை மாதமும் அழாதவள் அப்போதுதான் அழுதாள். பிறகு செருப்பிலிருந்து காலை எடுத்தாள்.