கியாக்டடா நடைபாதையில் ஒரு பிரெஞ்சுக்காரர்

பர்மாவின் யாங்கூனில், கியாக்டடா பகுதி நடைபாதையில் பழைய புத்தகம் விற்கும் ஸ்டெல்லாவிடம் நான் தமிழில் பேச்சுக் கொடுத்ததுதான் தாமதம், புத்தக அடுக்குக்கு அடியிலிருந்து ஒரு பென்சில் படத்தை உருவித் தரையில் வைத்துக் காட்டுகிறார். சுருள் முடி, கழுத்தைச் சுற்றிய துணி, இதோ பேசப்போகிறேன் என்கிற உதடுகள். பிரெஞ்சுப் புரட்சியில் அரசரை எதிர்த்துச் சபையில் முழங்கியவராம். ஒவ்வொரு கோட்டிலும் உயிர் இருக்கிறது.

"எங்க வீட்டுக்காரர் ஒரு புத்தகத்தப் பாத்து வரைஞ்சது அண்ணே. அரசியல்னு சொல்லி அவர உள்ள வச்சிட்டாங்க. மத்த படமெல்லாம் அள்ளிட்டுப் போயிட்டாங்க. இது ஒண்ணுதான் தப்பிச்சுது."

சொல்லி வாய் மூடவில்லை, சீருடைக்காரர் ஒருவர் வந்து நிற்கிறார். படத்தை மறைக்க நேரமில்லை. "யார் இது?" என்று பர்மிய மொழியில் கேட்கிறார். நான் ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டுகிறேன். ஸ்டெல்லாவோ முகம் மாறாமல், "எங்க சர்ச் புனிதர், சயா" என்று பர்மிய 'ஐயா' போட்டுச் சொல்கிறார்.

சீருடைக்காரர் முகம் சுளிக்கிறார். "சாமி படத்தைத் தரையிலா வைப்பது, கால் படுகிற இடத்தில்?" இந்த ஊரில் அதைவிடப் பெரிய மரியாதைக்கேடு கிடையாது. தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் படத்தை எடுத்து, அடுக்கின் உச்சியில் தெருவைப் பார்க்க நிறுத்திவிட்டுப் போகிறார்.

"சீக்கிரம் எடுத்து உள்ள வை தங்கச்சி" என்கிறேன்.

"எப்படி எடுக்க? தினம் இந்த வழியாத்தான் போவாரு. புனிதர் எங்கேன்னு கேப்பாரே" என்கிறார். பிறகு அண்ணாந்து படத்தைப் பார்க்கிறார். "ஜெயிலுக்குப் பாக்கப் போறப்ப இத எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும் அண்ணே. மனுசன் சிரிச்சு ரொம்ப நாளாச்சு."