இருபதாவது முடிச்சு

தேவகுமாரி ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியின் ஆய்வகத்தில் உதவியாளர். குடுவை கழுவுவதும் அமிலப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவதும் வேலை. ஆனாலும் மலையில் எல்லோருக்கும் அவள் டீச்சரம்மாதான். வருடத்துக்கு ஒரு விஞ்ஞானக் கதை எழுதி ஒரு மாதப் பத்திரிகைக்கு அனுப்புவாள். செய்து பார்க்காத எதையும் எழுதமாட்டாள். வேற்றுக் கிரகத்தான் ஏற்காட்டில் வெந்நீர் வைப்பதாக ஒரு வரி வந்தால், உலைப்பானையில் வெப்பமானியை நட்டுவைத்து, தொண்ணூற்றைந்து டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது என்று குறித்துக்கொள்வாள். அன்றைக்குச் சோறு குழைந்துபோகும். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

எண்பத்து மூன்றில் எழுதிய கதைக்கு, வீட்டுக்குப் பால் ஊற்றும் ஐயாக்கண்ணுவின் கிணறு கிடைத்தது. செம்மநத்தத்தில் இருந்தது அது. தண்ணீர் வற்றியபின் அவர் அதில் இரண்டு வருடக் காப்பித் தோலைக் கொட்டியிருந்தார். விளக்கை இறக்கினால் முனி ஊதி அணைக்கிறது என்றார். அவள் அடிக்கொரு முடிச்சுப் போட்ட கயிற்றில், கண்ணாடி இல்லாத மண்ணெண்ணெய் விளக்கைக் கட்டி இறக்கினாள். பதினேழாவது முடிச்சில் சுடர் திரியைவிட்டு ஒரு விரல் மேலே எழும்பி நின்றது. பிறகு இல்லை. காற்றே அடிக்கவில்லை. புகையும் மேலே வரவில்லை. அந்த ஆழத்திலேயே சாம்பல் நிறத் தரைபோலப் படுத்துக்கொண்டது. இறங்கி நடக்கலாம் போலிருந்தது. இருவரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதை அப்படியே எழுதினாள். கிணற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர், மூச்சைத் தின்பது. கடைசியில் கதாநாயகன் பிழைத்து வர வேண்டும். பத்திரிகை கொடுத்த பக்கமோ முடிந்துவிட்டது. மூக்கில் ஈரத்துண்டைக் கட்டி அவனை இறக்கி, ஏற்றிவிட்டாள். அது ஒன்றுதான் செய்து பார்க்காதது. கிணற்றுக்காரர் ஆயிற்றே என்று ஐயாக்கண்ணுவுக்கு ஒரு பிரதி கொடுத்தாள்.

அடுத்த மே மாதம் அவர் பாலை ஊற்றிவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு வரமாட்டனுங்க. கெணத்துல எறங்கித் தூர் வாங்கறேன்."

"முனி?"

"அதுக்குத்தான் நீங்க வழி எழுதியிருக்கீங்களே."

அவள் வேண்டாம் என்றதற்குச் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் செம்மநத்தம் போனாள். பனிமூட்டத்தில் கிணற்று மேடு மட்டும் தெரிந்தது. ஐயாக்கண்ணு இடுப்பில் கயிறும் முகத்தில் ஈரத்துண்டுமாக நின்றார். பக்கத்தில் அவர் மனைவி மாதம்மாள், முனிக்கு நேர்ந்த சேவலை அணைத்துக்கொண்டு.

"அவுத்துடுங்கண்ணா. அது சும்மா எழுதுனதுங்க."

"பதினேழு முடிச்சு சும்மாவா? பொகை படுத்துச்சே, அது சும்மாவா? கூட நின்னு நானும்தானுங்க பாத்தேன்."

அவள் சரியாக எழுதிய ஒவ்வொரு வரியும் அந்தத் துண்டுக்குச் சாட்சி சொன்னது.

"மத்ததெல்லாம் நெசம். துண்டு மட்டும் பொய்யுங்க. தோலு அழுகிக் கெட்டுப்போன காத்து அது. மூச்சு போற வழியிலதான் அதுவும் போகும்."

"நான் வருசக்கணக்கா எறங்காதீங்கன்னு சொல்றேன், காதுல ஏறல," என்றாள் மாதம்மாள். "புஸ்தகத்துல போட்டதும் துண்ட நனைச்சுக்கிட்டாரு."

தேவகுமாரி சேவலைப் பார்த்தாள். "அதக் குடுங்கக்கா."

"நேந்துக்கிட்டதுங்க டீச்சரம்மா."

"தெரியுங்க."

மாதம்மாள் சேவலை நீட்டினாள். "முனிக்குன்னு வச்சதுதானே. போவட்டும்."

சேவலைக் கூடையில் வைத்து, ஐயாக்கண்ணுவின் துண்டையே இரண்டாக மடித்து அதன் வாயில் கட்டி, அவள் கொண்டுவந்த முடிச்சுக் கயிற்றில் இறக்கினார்கள். பதினேழு வரை சேவல் கொக்கரித்தது. இருபதில் கயிறு அவள் கையில் இரண்டு முறை அதிர்ந்தது. அதன்பின் வெறும் கனம். நூறு எண்ணிவிட்டுத் தூக்கினாள். சேவலின் உடம்பில் ஒரு காயமில்லை. கண் திறந்திருந்தது. கொண்டை மட்டும் கறுத்திருந்தது. துண்டு இன்னும் ஈரமாகவே இருந்தது.

"எத்தனாவது முடிச்சுங்க?"

"இருவது."

"கெணறு முப்பதடி," என்றார் ஐயாக்கண்ணு. துண்டைப் பிழிந்து காப்பிச் செடிமேல் போட்டார், தோளில் போட்டுக்கொள்ளவில்லை.

திருத்தம் போடச் சொல்லிப் பத்திரிகைக்கு எழுதினாள். கதைக்கு யாரும் திருத்தம் போடுவதில்லை என்று கார்டு வந்தது. அந்த இதழ் எத்தனை ஊர்களுக்குப் போனது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. அந்த வருடக் கதையில் அதே ஆளை, அதே ஈரத்துண்டோடு, அதே கிணற்றில் மறுபடி இறக்கினாள். இருபதாவது முடிச்சுக்குப் பிறகு அவன் குரல் வரவில்லை.

பால் ஊற்ற வந்த ஐயாக்கண்ணு, "ஏனுங்க டீச்சரம்மா, இந்தத் தடவ என்னயக் கொன்னுபோட்டீங்களே," என்றார்.

"ஆமாங்கண்ணா," என்றாள். "இந்தத் தடவ சரியா எழுதியிருக்கேன்."