கழிப்பறை நாட்காட்டியில் ஒரு பெயர்

ஹார்மென் ஃபெல்ட்ஹாவுஸ் எங்கள் ஊரில் முப்பத்து நான்கு வருடம் ஏழாம் எண் பேருந்து ஓட்டினார். போரில் மாண்டவர்களுக்காக மே நான்காம் தேதி மாலை எட்டு மணிக்கு நாடே இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கும். ஹார்மென் அதற்கும் ஒரு நிமிடம் முன்பே வண்டியை ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிடுவார். “எட்டு மணிக்கு பிரேக் போட்டா எட்டு மணிக்குத்தான் சத்தம் வரும்” என்பது அவர் கணக்கு.

1979இல் முதன்முறையாக அந்த நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு நகர்மன்றத்துக்கு முன்னால் போய் நின்றார். கையில் மலர்வளையம், அதில் வெளிர் ஊதா நாடா. ‘தன்பாலீர்ப்பாளர்கள் என்பதால் கொல்லப்பட்டவர்களுக்கு’ என்று எழுதியிருந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அதை வாங்கிக்கொண்டார்கள்.

“இதையெல்லாம் வேற எங்கயாவது வெச்சுக்க. இங்க செத்தவங்களுக்கு மரியாதை பண்றோம்.”

“நானும் அதுக்குத்தான் சார் வந்தேன்.”

மறுநாள் காலை பணிக்குப் போகும் வழியில் காவல் நிலையத்தில் வளையத்தைத் திரும்ப வாங்கி, யாருமற்ற நினைவுத்தூணில் வைத்துவிட்டுப் போனார். எட்டு வருடம் இப்படியே நடந்தது. ஒன்பதாவது வருடம் வரிசையில் கடைசி ஆளாக நிற்க அனுமதி கிடைத்தது. 2001இல் ஆணும் ஆணும் மணக்கலாம் என்று சட்டம் வந்த வேனிலில், அதே நகர்மன்றப் படிகளில் ஏறி, பூச்செடிக் கடை வைத்திருந்த மென்னோவை மணந்தார். பதினைந்து நிமிடம் முன்னதாகவே போய் நின்றதால் இருவரும் இன்னொரு ஜோடியின் புகைப்படத்தில் விழுந்தார்கள். மென்னோ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் ஹார்மெனுக்கு ஒரு பெயர் பாக்கி இருந்தது. பத்தொன்பது வயதில் அப்பா அவரை வீட்டைவிட்டு அனுப்பியபோது சொன்ன கடைசி வார்த்தை: “நீயும் அந்த சலூன்காரன் வெஸல் மாதிரிதான் போவ.” அதுவரை, தன்னைப் போல ஊரில் இன்னொருவர் இருந்தது ஹார்மெனுக்குத் தெரியாது. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டார். வெஸல் நெய்லாண்ட், முடிதிருத்துபவர். 1942இல், ஜெர்மானியர் எங்கள் நாட்டைப் பிடித்திருந்தபோது, ஒரு மொட்டைக் கடிதத்தால் பிடிபட்டு, சிறைக்கும் பிறகு ஜெர்மனிக்கும் போய், திரும்பவே இல்லை. மௌனத்துக்கு முன் வாசிக்கும் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. சேர்க்க வேண்டுமென்றால் உறவினர் ஒருவர் கையெழுத்திட்டுக் கேட்க வேண்டும். அது நினைவுநாளை நடத்தும் குழுவின் விதி. மிஞ்சியிருந்த ஒரே உறவு அண்ணன் மகள் அலீடா.

ஓய்வு பெற்ற வருடத்திலிருந்து, மார்ச் மாதம் பிறந்தால் ஹார்மென் துலிப் கொத்தோடு அலீடா வீட்டு மணியை அடிப்பார். ஏழாம் எண் பேருந்தில் காலமெல்லாம் சந்தைக்குப் போனவர் அலீடா. அதனால் கதவைச் சாத்தவில்லை. ஒரு காபி தருவார். டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட் நீட்டிவிட்டு உடனே மூடிவிடுவார். எங்கள் ஊரில் மூடியைப் போட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

“வெஸல்னு எங்க வீட்டுல யாரும் இல்ல, டிரைவரே. பூ நல்லாருக்கு.”

ஆறு வருடமும் இதே பதில். ஏழாவது வருடம் ஹார்மெனுக்கு அறுபத்தாறு வயது. காபி முடிந்ததும் கூச்சத்தோடு கழிப்பறை எங்கே என்று கேட்டார்.

நாங்கள் எல்லோரும் கழிப்பறைச் சுவரில்தான் பிறந்தநாள் நாட்காட்டியை மாட்டுவோம். தினமும் கண்ணில் பட்டால் யாருடைய நாளும் மறக்காது. இறந்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை போடுவோம். தினமும் பார்ப்பதாலேயே, நாட்காட்டி அங்கே இருப்பதே வீட்டுக்காரருக்கு மறந்துபோகும். ஹார்மென் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். அக்டோபர் பதினான்கு: ‘வெஸல் சித்தப்பா’. சிலுவை இல்லை. நாட்காட்டி புதியது, மையும் புதியது.

வெளியே வந்தார். கோட்டை மாட்டிக்கொள்ளப் போனார். அலீடா அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு கழிப்பறைக் கதவைப் பார்த்தார்.

“பாத்துட்ட.”

“பாத்துட்டேன்.”

“நாட்காட்டி மாத்துறப்பல்லாம் எழுதுறேன். சிலுவை போடலாம்னா செத்த நாள் தெரியாது.” சற்று நேரம் மேஜை விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “அந்த லெட்டரை எழுதினது எங்கப்பா. தபால் பெட்டியில போட்டது நான். பத்து வயசு. பெட்டி எட்டலன்னு எக்கிப் போட்டேன். அவர் பேரை மைக்குல படிச்சா, யாரு எழுதினான்னு ஊர் கேக்கும்ல?”

“கேக்கலாம். கேக்க மாட்டாங்கன்னு நான் சொல்லல. ஆனா மே நாலு அன்னைக்கு, போய்த் திரும்பாதவங்க பேரை மட்டும்தான் படிப்பாங்க. அனுப்பினவங்க பட்டியல் கிடையாது.”

அலீடா பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். ஹார்மென் இரண்டாவது பிஸ்கட்டை எடுத்தார். டப்பா திறந்தபடியே இருந்தது. ஏழு வருடமாகச் சட்டைப்பையில் கொண்டுவந்த படிவத்தை மேஜையில் விரித்தார். அலீடா மெதுவாகக் கையெழுத்திட்டார்.

“உன் பிறந்தநாள் என்னைக்கு?”

“படிவத்துல அதையுமா கேக்குறாங்க?”

“நான் கேக்குறேன். சொல்லு.”

“நவம்பர் ஒன்பது.”

அந்த மே நான்காம் தேதி ஏழே முக்காலுக்குப் பெயர்கள் தொடங்கின. உறவினர்களே வாசிக்க வேண்டும். அலீடா கைத்தடியோடு ஒலிபெருக்கிக்கு முன் வந்து, தாளைப் பார்க்காமலேயே, “வெஸல் நெய்லாண்ட், என் சித்தப்பா” என்றார். மற்றவர்கள் உறவுமுறையைச் சொல்லவில்லை. அவர் சொன்னார். வெளிர் ஊதா நாடா கட்டிய வளையம் அந்த வருடம் வரிசையின் கடைசியில் இல்லை. அலீடா அதன் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்ததால் உறவினர்களோடு முன்னால் போனது. எட்டு மணி. சந்தை முனையில் ஒரு பேருந்து நின்றிருந்தது. ஒரு நிமிடம் முன்பே நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது, எந்தச் சத்தமும் இல்லை.

யாரும் எதுவும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. இருவர் கேட்டார்கள். “எங்கப்பாதான்” என்று அலீடா பதில் சொன்னார்.

அடுத்த மார்ச்சிலும் ஹார்மென் துலிப் கொத்தோடு மணியடித்தார்.

“இப்ப என்ன வேணும் உனக்கு? அதான் கையெழுத்துப் போட்டாச்சே.”

“ஒண்ணும் வேணாம். கழிப்பறையை மட்டும் பயன்படுத்திக்கிறேன்.”

உள்ளே போய் நவம்பர் தாளைத் தூக்கிப் பார்த்தார். ஒன்பதாம் தேதியில் நடுங்கிய எழுத்தில் ‘ஹார்மென், டிரைவர்’ என்றிருந்தது.