நாடாளுமன்றத்தில் இரண்டு நிமிடம், ஆம்பூரில் ஒரு சுவர்

மலை, அருவி, ரயில் ஜன்னல் என்றுதான் இங்கே வழக்கமாக எழுதுவேன். ஆம்பூருக்குப் போன காரணம் வேறு. சில வாரங்களுக்கு முன் நஸ்ரின் என்ற வாசகி ஒரு காணொளி அனுப்பினார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்பவர். காணொளியில் அந்தப் பகுதி எம்.பி. மக்களவையில் எழுந்து, தன் தொகுதியில் ஒரு கிராமத்து மக்கள் ரயில் பாதையைக் கடக்க நடைமேம்பாலம் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். வேலை முடிந்து திரும்பிய பெண் தொழிலாளி ஒருவர் அங்கே ரயிலில் அடிபட்டு இறந்ததைச் சொல்கிறார். இரண்டு நிமிடம்தான். மணி அடிக்கிறது, மைக் அணைகிறது. அடுத்த உறுப்பினர் தேங்காய் விலை பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்.

"ரயில்ல போறதப் பத்தி நெறைய எழுதறீங்க அக்கா. ஒருவாட்டி கீழ எறங்கியும் பாருங்க" என்று நஸ்ரின் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு போகாமல் இருக்க முடியவில்லை.

சென்னையிலிருந்து ஆம்பூர் ஏறக்குறைய 180 கிலோமீட்டர், ரயிலில் மூன்று மணி நேரம். பெங்களூர் பக்கம் போகும் எல்லா ரயிலும் அங்கே நிற்காது, பார்த்து ஏறுங்கள். ஒரு சனிக்கிழமை காலை கிளம்பினேன். ஸ்டேஷனுக்கு ஏழுமலை என்பவரின் ஆட்டோவை நஸ்ரின் அனுப்பியிருந்தார். காணொளியில் சொன்ன, ரயிலில் அடிபட்டு இறந்த பெண் கலைவாணி அவருடைய மனைவி. இதை நஸ்ரின் போனிலேயே சொல்லிவிட்டார். ஆனாலும் ஆட்டோவில் ஏறியபோது என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"மொதல்ல சாப்ட்ருங்க மேடம். மதியத்துக்கு மேல போனா பிரியாணி கம்மியாய்டும்."

சாப்பிட்டேன். ருசி பற்றி எழுத இன்று மனமில்லை.

கலைவாணியின் ஊர், ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் வழியில் ஏழு கிலோமீட்டர். பெயரைப் போட வேண்டாம் என்று நஸ்ரின் கேட்டுக்கொண்டார். நெடுஞ்சாலைக்கும் ஊருக்கும் நடுவே தண்டவாளம் ஓடுகிறது. கம்பெனி வேன் பெண்களை நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். தள்ளியிருக்கும் ரயில் பாலத்துக்கு அடியில் போகும் சாலை வழியாகச் சுற்றினால் மூன்று கிலோமீட்டர். அதிலும் மழை பெய்தால் முழங்கால் வரை கருப்புத் தண்ணீர் நிற்கிறது. நான் போன அன்று மழையே இல்லை, அப்போதும் கணுக்கால் நனைந்தது. நாற்றம் செருப்பை விட்டுப் போக இரண்டு நாள் ஆயிற்று.

வேப்பமரத்தடியில் ஆட்டோவை நிறுத்திய ஏழுமலை, "அந்த வீடியோ உங்க போன்ல இருக்குதா மேடம்?" என்று கேட்டார். போட்டுக் காட்டினேன். மணி அடிக்கும் வரை கண் எடுக்காமல் பார்த்தார்.

"அவ பேர சொல்றாங்களா? நமக்கு இங்கிலீஷ் தெரியாது. நஸ்ரின் பாப்பாவ கேக்கறதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சி."

"பேர் சொல்லல. ஒரு பெண் தொழிலாளின்னு சொல்றாங்க."

"சரி" என்றார். போனை என் பக்கம் தள்ளிவிட்டு, "டெல்லில பேசனாங்கன்னு ஊர்ல பட்டாசு வெச்சாங்க. நான் வெளிய வர்ல" என்றார்.

கலைவாணி இறந்த விதத்தையும் அவரே சொன்னார். கூட்ஸ் வண்டி போகட்டும் என்று காத்திருந்தாள். அது போனதும் இறங்கினாள். அடுத்த லைனில் எதிர்ப்பக்கமாக வந்த எக்ஸ்பிரஸின் சத்தம் கூட்ஸ் சத்தத்தில் கேட்கவில்லை. பின்னால் நின்ற நஸ்ரின் கத்தியதும் கேட்கவில்லை.

மேம்பாலம் கேட்டதற்குப் பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்ததாம். பாலம் வரவில்லை. சுவர் வந்தது. யாரும் பாதையைக் கடக்கக் கூடாது என்று ஊர் நீளத்துக்கு ஆளுயரச் சுவர். ஒரே வாரத்தில் ஊர்க்காரர்கள் அதில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டார்கள்.

வேன் வரும் நேரமானதும் ஏழுமலை அந்த ஓட்டை வழியாக உள்ளே போய்த் தண்டவாளத்தின் ஓரம் நின்றார், நானும் பின்னாலேயே நுழைந்தேன். வேலை நாள்தோறும் சாயங்காலம் சவாரியை விட்டுவிட்டு இப்படி நிற்கிறார். இரண்டு தடவை போலீஸ் பிடித்துக்கொண்டு போய் உட்கார வைத்து அனுப்பியிருக்கிறது.

எதிர்ப்பக்கம் முப்பது நாற்பது பெண்கள் வந்து சேர்ந்தார்கள், தோளில் சாப்பாட்டுப் பை, சிலர் புர்காவில். கூட்ஸ் வண்டி ஒன்று கடந்தது. முன்னால் நின்ற பெண் காலை வைத்தாள்.

"நில்லு! யாரும் எறங்காதீங்க! அந்தாண்ட வர்து பாரு!"

கைகளை விரித்துக்கொண்டு கத்தினார். எக்ஸ்பிரஸ் எங்களுக்கு நடுவே போனது. சுவரில் ஒட்டி நின்ற என் காலடி மண் அதிர்ந்தது. ரயிலில் ஜன்னலோரம் யாரோ போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நானும் அதே வழியில் எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன்.

"இப்ப வாங்க. ஓடாதீங்க, நடந்து வாங்க."

நஸ்ரின் கடைசியாக வந்தார். "பேஜாரா இருக்குது அக்கா. அண்ணன் ஒரு நாள் ஜுரம்னு படுத்துட்டாருன்னா நாங்க இன்னா பண்றது?" என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: ஆம்பூரைச் சுற்றிப் பார்க்க ஆட்டோவைப் பேசி எடுத்துக்கொள்ளுங்கள், பஸ் ஜாஸ்தி கிடையாது. தண்டவாளத்தில் இறங்காதீர்கள். படம் எடுக்க அங்கே போகாதீர்கள். உங்கள் எம்.பி. சபையில் என்ன கேட்டார் என்பது மட்டுமல்ல, கேட்ட பிறகு என்ன வந்தது என்றும் விசாரித்துப் பாருங்கள். நான் இதுவரை விசாரித்ததில்லை.

இதை எழுதி முடிக்கும்போது நஸ்ரினிடமிருந்து செய்தி வந்தது. ஓட்டையை ரயில்வேக்காரர்கள் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்களாம். ஊர்க்காரர்கள் கொஞ்சம் தள்ளி, தண்டவாளம் வளையும் இடத்துக்குக் கிட்டே வேறொன்று திறந்திருக்கிறார்கள். அங்கிருந்து ஒரே ஆளால் இரண்டு பக்கமும் பார்க்க முடியாது. வேலூர்ப் பக்கம் ஏழுமலை பார்க்கிறார். கடக்க வேண்டியவர்களில் ஒருவரான நஸ்ரின், எல்லோரும் போய்ச் சேரும் வரை ஆம்பூர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.