ரெண்டு லிட்டர்காரர்

தெருவில் அவருக்கு ‘ரெண்டு லிட்டர்’ என்று பெயர். பால் வியாபாரமோ என்று நினைத்துவிட வேண்டாம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்களை நாற்காலியில் உட்கார வைத்து, லென்சை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். பதில் சொல்ல மூன்று நொடிக்கு மேல் ஆனால் முகம் கடுகடுக்கும். "அளவு பார்க்காமல் கண்ணாடி கிடையாது" என்று சுவரில் எழுதியே மாட்டியிருக்கிறார்.

அப்படிப்பட்ட மனிதர், ஒரு பிஸ்டனைத் தேர்ந்தெடுக்க ஆறு வருடம் எடுத்துக்கொண்டார்.

நாலு கை மாறி வந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கினார். மொத்தமே இரண்டு இருக்கை. இரண்டு மாதம் குறையில்லாமல் ஓட்டினார். அதற்குள் கார்ப் பித்தர்கள் கூடும் கைபேசிக் குழுவில் ஒரு புண்ணியவான், "இந்த மாடல் எஞ்சின் ஒண்ணே முக்கால் சொச்சம் லிட்டர்தான். இழுவையே இருக்காது. சிலிண்டரைக் குடைஞ்சு, பெரிய பிஸ்டன் போட்டு ரெண்டு லிட்டர் ஆக்கினாத்தான் அது காரு" என்று எழுதிவிட்டார். மறுநாளே மேட்டில் இழுவை குறைந்துவிட்டது. அடுத்த ஞாயிறு வீட்டு ஷெட்டில் எஞ்சின் வெளியே வந்துவிட்டது. பார்க்கிறவர்களிடமெல்லாம், "ரெண்டு லிட்டர் ஆக்கப் போறேன்" என்றார்.

கழற்றுவதில் சூரர். பிஸ்டன் நான்கையும் கரியோடு செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் போட்டார். தூக்கியெறியப் போகிற சாமானைத் துடைப்பானேன்? பிறகு புதுசு தேர்ந்தெடுக்க உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. பிஸ்டன் பெரிதானால் வால்வும் பெரிதாக வேண்டுமே. வால்வுக்கு ஏற்ற கேம்ஷாஃப்ட் எது? அத்தனை சக்தி வந்தால் பழைய கிளட்ச் தாங்குமா? கிளட்சிலேயே ஒரு வருடம் போயிற்று. குழுவில் மட்டும் அவர் பேராசிரியர். கார் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் கார் ஓடாதவர் பாடம் எடுத்தார், அவர்களும் வாய் பிளந்து கேட்டார்கள்.

மனைவி தையல் சொல்லிக்கொடுப்பவர். முன்னறையில் பதினோரு பேர் முட்டி இடிக்க உட்கார்ந்து தைத்தார்கள். சாப்பாட்டு மேசைக்கடியில் எஞ்சினின் கிராங்க்ஷாஃப்ட் கிடந்தது. ஒரு நாள் அதில் கால் விரலை இடித்துக்கொண்டவர், கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"ஏங்க, இந்த மாசத்தோட சரி. ஒண்ணாம் தேதி காரு தானா ஓடி வெளிய வரணும். இல்லன்னா பழைய இரும்புக்காரரு வந்து தூக்கிட்டுப் போவாரு. ஷெட்டு எனக்கு வேணும்."

"பிஸ்டன் இன்னும் முடிவாகலையே..."

"எனக்கு மாப்பிள்ளை பாக்கவே எங்கப்பா மூணு நாள்தான் எடுத்துக்கிட்டாரு."

"அதானே, நல்லாத்தானே அமைஞ்சுது?"

"இன்னும் ஒரு வாரம் யோசிச்சிருக்கலாம்."

மனைவி சொன்னால் செய்துவிடுவார். அந்தக் காரை இரும்புக்காரர் இழுத்துப் போவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மறுநாள் காலையிலேயே எஞ்சின் பிளாக்கையும் பரண் மூட்டையையும் வேனில் ஏற்றிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனார்.

"புது பிஸ்டன் கையில இருக்கா சார்? அதை அளந்துதான் குடைவேன்" என்றார் லேத் மாஸ்டர்.

"எண்பத்தாறரை மில்லிமீட்டரா, எண்பத்தேழான்னுதான் யோசனை."

மாஸ்டர் சிலிண்டருக்குள் அளவுக்கருவியை இறக்கினார். பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு மூட்டையைப் பிரித்து, ஒரு பிஸ்டனின் தலையை மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் தேய்த்தார். கரி விலகி, பொறித்திருந்த எண் தெரிந்தது: எண்பத்தேழு.

"சார், இதுக்குக் கம்பெனி அளவு எண்பத்துமூணு. உங்களுக்கு முன்னாடி வெச்சிருந்தவரு யாரோ எப்பவோ குடைஞ்சுட்டாங்க. நீங்க ஓட்டினதே ரெண்டு லிட்டருதான்."

"இருக்காது மாஸ்டர். இழுவையே இல்லையே!"

"அது உங்களுக்காத் தெரிஞ்சுதா, யாராவது சொன்னாங்களா?"

அவர் பிஸ்டனை வாங்கி அந்த எண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நீங்க அளந்தே பாக்கலையா சார்?"

"சரியாப் பாருங்க, கண்ணுல ஏதாவது..."

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "உங்க கடைக் கண்ணாடிதான் சார். நல்லாவே தெரியுது. இதுக்கு மேல குடைஞ்சா சுவரு தாங்காது. பிஸ்டன் ரிங்கை மட்டும் மாத்தி, இருந்தபடியே மாட்டிருங்க."

தேர்ந்தெடுக்க ஒன்றுமே மிச்சமில்லாததால் வேலை ஒன்பது நாளில் முடிந்தது. மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். குழுவிலும் மானத்தை விட்டு, "முதலில் உங்கள் எஞ்சினை அளந்து பாருங்கள்" என்று எழுதினார். எந்த அளவுக்கருவி வாங்கலாம் என்று அங்கே உடனே விவாதம் ஆரம்பமாயிற்று. இன்னும் முடியவில்லை என்று கேள்வி.

ஒன்றாம் தேதி கார் உறுமிக்கொண்டு வெளியே வந்தது. தையல் படிக்கிறவர்கள் கை தட்டினார்கள். மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து மேட்டில் ஏற்றினார். முதுகு இருக்கையோடு ஒட்டியது.

"பாத்தியா இழுவைய! எவ்வளவு வித்தியாசம்!" என்று கத்தினார்.

"வாங்கின புதுசுலயும் இந்த மேட்டுல இப்படித்தாங்க போச்சு" என்றார் மனைவி. "நான் சிரிச்சுக்கிட்டேதான் வந்தேன். நீங்கதான் இன்னும் பத்தலைன்னு அதைப் பிரிச்சுப் போட்டீங்க."

ஆறு வருடமாக அந்தச் சிரிப்பு பக்கத்து இருக்கையில் இருந்திருக்கலாம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. துக்கமாக இருந்தது. மேட்டு உச்சியில் வண்டியைத் திருப்பிக் கீழே இறக்கி, அதே மேட்டில் இன்னொரு தடவை ஏற்றினார்.