சின்னச் சில்லும் நோன்புக் கஞ்சியும்

கொழும்பிலிருந்து வந்த காக்கா, என் மூத்த சகோதரர், முற்றத்தில் மடிப்புச் சைக்கிளை விரித்தார். அதன் இரண்டு சின்னச் சில்லுகளும் உருளக் கண்டதும் பழைய நோன்பு மாதங்கள் பாய்ந்து வந்தன.

அப்போது சின்னச் சைக்கிள் எனக்கு, வாப்பாவின் பெரிய சைக்கிள் காக்காவுக்கு. பின்னேர அசர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலுக்குக் கஞ்சி வாங்கப் பறப்போம். ஹாண்டிலில் சட்டி கணகணக்கும். சின்னச் சில்லு சட்டென்று கிளம்புவதால் ஒடுங்கிய ஒழுங்கை முழுக்க நான்தான் முன்னால்! கடற்கரை வீதிக்கு ஏறியதும் என் கால்கள் படபடவென்று சுற்ற, அவர் ஒரே மிதியில் தாண்டுவார்.

"கெதியா வா புள்ள, கஞ்சி முடியப்போகுது!"

இன்றும் நோன்பு. கஞ்சியில் போட்ட ரம்பை இலையின் மணம் காற்றில் வந்தது.

"பள்ளிவாசல் வரைக்கும் ஓடிப் பார்ப்பமா?" காக்கா மடிப்புச் சைக்கிளில் ஏறிவிட்டார். நான் மகனின் பெரிய சைக்கிளை எடுத்தேன். ஒழுங்கையில் அவர்தான் முன்னால். கடற்கரை வீதி வந்தது.

"கெதியா வாங்க காக்கா, கஞ்சி முடியப்போகுது!"